வலது காது

கலும்பாங்
2 ஜூன் 2024

அன்புள்ள மாதவி,

என் நம்பரை நீ தடுத்துவிட்டாய். நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கின்றன. அதனால்தான் தபால். ஸ்டாம்பு கேட்டதும் கவுண்டரில் இருந்த அக்கா, "இந்தக் காலத்துல கடிதமா? யாருக்குலா, பாய்ஃபிரண்டுக்கா?" என்று கேட்டார். "இல்லக்கா, மச்சான் வீட்டுக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

லோஷினி எப்படி இருக்கிறாள்? இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் அப்புறம்.

நம் விரிவுரையாளர் புவான் ரோஸ்னா நம் இருவரிடமும் அறிக்கை கேட்டிருக்கிறார். வகுப்பில் நடத்திய ஈரான்–ஈராக் போர் சிமுலேஷன் ஏன் போர்நிறுத்தம் இல்லாமல் பாதியில் முடிந்தது என்று இரண்டு அணித் தலைவிகளும், ஈரானுக்கு நீயும் ஈராக்குக்கு நானும், எழுதித் தரவேண்டுமாம். விதிகளிலிருந்து ஆரம்பித்தேன். கைப்பேசிகளை வாசலில் பிஸ்கட் டின்னுக்குள் போடவேண்டும். எதிர் அணியோடு வாய் திறந்து பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை மஞ்சள் தாளில் எழுதி ஆள்வழி அனுப்பவேண்டும். பொய்யும் எழுதலாம், நிஜப் போரில் அதுவும் நடந்ததுதானே. இந்தக் கடைசி விதியை எழுதும்போது கை கூசியது. 'இரண்டாம் நாள் ஈரான் தலைவி குடும்பக் காரணத்தால் வெளியேறினார்' என்று ஒரே வரியில் முடித்துக் கொடுத்துவிட்டேன். நீ என்ன எழுதப்போகிறாய்? எழுதுவாயா? அடுத்த செமஸ்டருக்கு நீ இன்னும் பெயர் கொடுக்கவில்லை என்று ஆபீசில் சொன்னார்கள்.

லோஷினிக்குப் பதினோராம் மாதத்தில் காதுகுத்து என்று சொல்லியிருந்தாய். நீ ஒற்றைப் பிள்ளை. லோஷினி வயிற்றில் இருந்தபோது காண்டீனில் மீ கோரெங் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "என் பிள்ளைக்கு மாமன் கிடையாது. நீதான்லா தாய்மாமன்" என்றாய். அன்றிலிருந்து நான் உன் வீட்டுக்காரர் விமலனை மச்சான் என்று கூப்பிடுகிறேன். அவர் முதலில் முறைத்தார், பிறகு பழகிவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். தோடு நான் எடுத்துவைத்துவிட்டேன். சின்ன ரோஜாப்பூ, நடுவில் ஒரு சிவப்புக் கல்.

எந்தத் தேதி என்று மட்டும் சொல். திட்டுவதாக இருந்தாலும் திட்டி எழுது.

கலா

*

கோல சிலாங்கூர்
11 ஜூன் 2024

கலாவதிக்கு,

கடிதம் கிடைத்தது. லோஷினி நன்றாக இருக்கிறாள். அப்படித்தான் டாக்டர் சொல்கிறார். காய்ச்சல் சட்டென்று ஏறினால் சில பிள்ளைகளுக்கு வலிப்பு மாதிரி இழுப்பு வருமாம், அஞ்சு வயதுக்குள் சரியாகிவிடுமாம். அவர் சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். அஞ்சு வயது வரைக்கும் நான் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

நான் என்ன செய்கிறேன் தெரியுமா? தெர்மாமீட்டர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அவள் தும்மினால் நெற்றியைத் தொடுகிறேன். தும்மாமல் இருந்தாலும் தொடுகிறேன். என் கை சூடா, அவள் நெற்றி சூடா என்று சந்தேகம் வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். தூக்கத்தில் அவள் விரல் லேசாக அசைந்தால்கூட விளக்கைப் போட்டுவிடுகிறேன். வீட்டுக்காரர் எழுந்து போய்க் கூடத்தில் படுத்துக்கொள்கிறார்.

அன்றைக்கு அவளுக்கு இழுப்பு வந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தை ஒருத்தியாக இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார். பக்கத்து வீட்டு வேலம்மா அக்காவின் மகன் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் நின்றிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், அத்தை தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரத்தில் நான் கழுத்தில் ஈரான் அட்டையோடு நின்றேன். கழற்ற மறந்துவிட்டேன்.

நீ அறிக்கையைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி, ஈரானாகவே பதில் சொல்கிறேன். அந்த நாடு எட்டு வருடப் போரில் கடைசி வரை ஒன்றைக் கேட்டது. முதலில் தாக்கியது யார் என்று எழுதுங்கள், பிறகு துப்பாக்கியை இறக்குகிறோம் என்றது. நம் அறையிலும் நான் அதைத்தான் கேட்டேன். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன். பொய்த்தாள் அனுப்பும் வேலையை முதலில் ஆரம்பித்தது யார்? அதை எழுது. பிறகு தோட்டைப் பற்றிப் பேசலாம்.

மாதவி

*

கலும்பாங்
16 ஜூன் 2024

மாதவி,

எழுதுகிறேன். நான்தான் ஆரம்பித்தேன். முதல் நாள் காலை, விளையாட்டை நடத்தும் செயலகத்தின் பெயரைப் போட்டு, 'பேச்சுவார்த்தை கீழ்மாடி அறைக்கு மாற்றப்பட்டது, இது விளையாட்டு அல்ல, உடனே வரவும்' என்று மஞ்சள் தாளில் எழுதி உன் அறைக்கு அனுப்பினேன். உன் அணி முழுவதும் கீழே போனது. நீங்கள் மூச்சு வாங்கத் திரும்பி வருவதற்குள் ஈராக் உன் துறைமுகத்தைப் பிடித்துவிட்டது. எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய். "பயங்கர ஆளு கலா நீ, உன்ன நம்பி பச்சத்தண்ணி குடிக்கக்கூடாது" என்றாய்.

போதுமா? இப்போது நான் கேட்கிறேன். அன்று மாலை ரொட்டி சானாய் கடையில் என்னிடம் என்ன சொன்னாய்? தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே, "நாளைக்கு என் பிள்ளைக்கே காய்ச்சல்னு நீ எழுதினாலும் நான் நாற்காலிய விட்டு எழமாட்டேன் பாரு" என்றாய். சொன்னாயா இல்லையா?

மறுநாள் நான் புள்ளிக் கணக்குக் கேட்கச் செயலக அறையில் நின்றுகொண்டிருந்தேன். ஆபீஸ் போன் மணி அடித்தது. உன் அத்தைதான். நீ அந்த நம்பரை உங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்திருந்தாயே, அதைப் பார்த்து அடித்திருக்கிறார். மச்சான் தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட்டதால் அவர் கிடைக்கவில்லையாம். "பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது, மாதவிய வரச் சொல்லும்மா" என்றார். "சொல்றேன் அத்தை" என்றேன். அப்போது இழுப்பு வரவில்லை, காய்ச்சல்தான். நான் உடனே எழுதினேன்: 'லோஷினிக்குக் காய்ச்சல். அத்தை கூப்பிட்டார்கள். உடனே வீட்டுக்குப் போ. இது விளையாட்டு இல்லை.' கொண்டுவந்து கொடுத்த பையன் திரும்பி வந்து சொன்னான், "அக்கா படிச்சிட்டு சிரிச்சாங்க. சுருட்டி பேனாக் கூட்டுல போட்டுட்டாங்க" என்று.

தொழிற்சாலை ஆபீசுக்குத் தகவல் போய், மச்சான் தொழிற்சாலை உடுப்போடு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோதுதான் நீ எழுந்தாய்.

போன வாரம் மச்சானை ரவாங்கில் பார்த்தேன். மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "நீ அம்மாகிட்ட சொல்றேன்னு சொன்னியாம், ஆனா மாதவிகிட்ட சொல்லவே இல்லையாமே" என்றார். நான் சொல்லவே இல்லையா? உங்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சா? யார் சொன்னது அப்படி?

முதலில் தாக்கியவர் பெயரை எழுதிவிட்டேன். மற்றதை நீ எழுது.

கலா

*

கோல சிலாங்கூர்
30 ஜூன் 2024

கலா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டேன். இது சின்னதாகத்தான் வரும்.

சொன்னேன். ரொட்டி சானாய் கடையில் அப்படிச் சொன்னேன். மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? பெற்றவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. நெற்றியைத் தொடும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் கேட்கிறது.

நீ சொல்லவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தை, "கலாதான் போன எடுத்துச்சு. சொல்றேன்னுச்சே, உன்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். தலையை ஆட்டினேனோ இல்லையோ, எனக்கே தெரியவில்லை. அவர் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். அன்று முடியவில்லை. மறுநாள் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் போனதும் அதுதான் வீட்டில் உண்மை என்று ஆகிவிட்டது. இப்போது போய் எதைச் சொல்வது? தாளைப் படித்துவிட்டுச் சிரித்தேன் என்றா? பிள்ளை வெந்துகொண்டிருந்தபோது இவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று நாளைக்கு லோஷினியிடமும் சொல்வார்கள்.

காதுகுத்து ஆவணி பிறந்ததும், ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்துக் கோயிலில். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை மகன் புவனேசன் செரண்டாவில் இருக்கிறான், அவனை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை ஏற்பாடு. "அந்தக் கலும்பாங் பொண்ணு என் பேத்திய தொடக்கூடாது" என்கிறார்.

தோட்டை நீயே வைத்துக்கொள். படிப்பைப் பற்றியும் கேட்காதே.

மாதவி

*

கலும்பாங்
4 ஆகஸ்ட் 2024

மாதவி,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபத்தில் பதில் எழுதினேன், அனுப்பவில்லை. ஆறட்டும் என்று வைத்தேன். ஆறினபிறகு பார்த்தால் அதில் இருந்த கோபம் பாதி என்மேலேயே இருந்தது.

உன் வீட்டில் என்னைப் பற்றி நினைப்பது பொய். ஆனால் முழுப் பொய் இல்லை என்று தோன்றுகிறது. என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். செயலக அறைக்கும் உன் அறைக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான். கதவு திறந்துதான் இருந்தது. நீ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. எழுந்து நடந்து வந்து உன் தோளைத் தட்டி, "ஏய், எழுந்திரு, பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்லியிருக்கலாம். வாயால் பேசினால் என் அணிக்குப் புள்ளி குறையும். அவ்வளவுதான், வேறு காரணமே இல்லை. முந்தின நாள் மாலை நீ சொன்னதும் எனக்கு நினைவு இருந்தது. நீ நம்பமாட்டாய் என்று தெரிந்தேதான் தாளில் எழுதினேன். எழுதியதும், நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நிம்மதியாகத் துறைமுகக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டேன்.

பையன் வந்து நீ சிரித்தாய் என்று சொன்னபோதாவது எழுந்திருக்கலாம். நானும் எழவில்லை. "அவ நம்பலயா? சரி, இன்னொன்னு எழுதுவோம்" என்றேன். இன்னொன்று எழுதிக்கொண்டிருந்தபோதுதான் மச்சான் வந்து நின்றார்.

சனிக்கிழமைகளில் செரண்டாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன் அல்லவா, போன வாரம் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளைக் கலும்பாங் பக்கம் திருப்பாமல் உங்கள் பக்கம் திருப்பினேன். பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி, செம்பனைக்கு நடுவில் வரும் ரோட்டில், உங்கள் வரிசை வீடுகள் தெரியும் இடம் வரைக்கும் வந்தேன். வாசலில் கொடியில் லோஷினியின் துணி காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் சட்டை, நான் வாங்கியது. இன்னும் அவளுக்குச் சரியாக இருக்கிறதா? உன் அத்தை வெளியே வந்து துணியை எடுத்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே திரும்பிவிட்டேன். அங்கேயும் நான் இறங்கி நடந்து வரவில்லை பார்.

தோட்டை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். ரவாங்கில் அவர் தொழிற்சாலை வாசலில் காத்திருந்து கையில் வைத்தேன். "இது என்னாத்துக்குலா?" என்றார். "தாய்மாமன் சீர் மச்சான். மாமன் வரலன்னாலும் சீர் வரணும்ல" என்றேன். சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டார். அந்தத் தோட்டையே போடுங்கள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

25ஆம் தேதி நான் வரமாட்டேன். கூப்பிடாத வீட்டுக்கு வந்து கோயிலில் சண்டை வேண்டாம். நீ உன் வீட்டில் எதையும் மாற்றிச் சொல்லவும் வேண்டாம். நான் தனிக்கட்டை, ஒரு கெட்ட பெயர் வந்தால் என்ன ஆகிவிடும். நீ அங்கே இருக்க வேண்டியவள்.

படிப்பைப் பற்றிக் கேட்கக்கூடாது என்றாய். கேட்கவில்லை. புவான் ரோஸ்னா கேட்டார் என்று மட்டும் சொல்கிறேன்.

கலா

*

கோல சிலாங்கூர்
27 ஆகஸ்ட் 2024

கலா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து என் கைப்பையிலேயே இருந்தது. பதில் எழுத நேரம் இருக்கிறது, ஆடி முடியட்டும், ஆவணி பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். 'வா' என்று ஒரு வார்த்தை. அதற்கு ஏன் மாதம் பிறக்க வேண்டும்? 25ஆம் தேதி விடிந்தபோது நேரம் முடிந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன்.

புவனேசன் வந்தான். நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. புது வேட்டி, ஒரு பாட்டில் செண்ட் முழுவதும் ஊற்றிக்கொண்டு வந்ததுபோல் வாசனை. லோஷினியை மடியில் வைத்ததும் அவள் தும்மினாள். நான் நெற்றியைத் தொட்டேன். அத்தை, "சும்மா இரு மாதவி, கை பட்டுப் பட்டு பிள்ளைக்கு நெத்தி தேஞ்சிறப் போவுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். லோஷினி மட்டும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரைத் தேடினாள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் எல்லா முகத்தையும்தான் பார்க்கும்.

வீட்டுக்காரர் உன் தோட்டை எடுத்து ஆசாரியின் தட்டில் வைத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அத்தை எடுத்துப் பார்த்து, "அழகா இருக்கே, எங்க வாங்குன?" என்று கேட்டார். அவர் ஆசாரியிடம் ஏதோ கேட்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

பெண் பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். ஊசி உள்ளே போனதும் அவள் அலறினாள் பார், அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. முகம் சிவந்து, மூச்சு அடைத்து, உடம்பை வில்லாக வளைத்தாள். அழுகையில் இழுப்பு வராது, காய்ச்சலில்தான் வரும். எனக்குத் தெரியும், டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வளைவைப் பார்த்ததும் மறுபடி அவள் நெற்றியைத் தொட்டேன். புவனேசனுக்கு அவளை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. கண்ணாடிச் சாமானைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

அப்போதுதான் அத்தை, கூட்டம் கேட்கும்படி, "பயந்துபோன பிள்ள. அன்னைக்கு அந்தக் கலும்பாங் பொண்ணு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்பேத்திக்கு இந்தப் பயமே வந்திருக்காது" என்றார்.

"அவ சொன்னா அத்தை" என்றேன்.

"என்னாது?"

"எழுதி அனுப்புனா. எனக்கு வந்துச்சு. படிச்சேன். பொய்னு நெனச்சு சிரிச்சேன். நான்தான் எழுந்திருக்கல."

நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. நிறுத்தியிருக்கமாட்டார். ஆசாரி அடுத்த ஊசியை விரலில் பிடித்தபடி, "வலது காத குத்தவா வேணாமாம்மா?" என்று கேட்டார். நான் போய் லோஷினியைப் புவனேசன் மடியிலிருந்து தூக்கிக்கொண்டேன். "வேணாம். இன்னைக்கு இது போதும்" என்றேன். புவனேசன் பெருமூச்சு விட்டான். பாவம், அவனுக்குத்தான் அன்றைக்கு விடுதலை.

வீட்டில் அத்தை என்னோடு பேசவில்லை. நேற்றும் பேசவில்லை. பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும்போது நான் பக்கத்தில் போனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார். அவரோ மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டே இருக்கிறார். சுத்தமான மோட்டார் சைக்கிளை எத்தனை தடவை கழுவுவது? ஒரு தடவை மட்டும் தலையைத் தூக்கி, "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். ஆமாம் என்றேன். ரவாங்கில் உன் முகத்தைப் பார்க்காமல் பேசினது அவரை அரிக்கிறது என்று நினைக்கிறேன். தரையைத்தான் இன்னும் பார்க்கிறார்.

மிச்சம் இருந்த ஒற்றைத் தோட்டை மேசைமேல் வைத்திருந்தேன். இன்று காலையில் காணவில்லை. பதறிப்போய்த் தேடினால் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் முடிந்து இருக்கிறது. அத்தை வேலைதான். யாருக்காக எடுத்து வைத்தாரோ. பின்கட்டில் வேலம்மா அக்காவிடம், "ஒத்தக் காதோட பிள்ளைய ரொம்ப நாள் வெச்சிருக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ.

இந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். முதலில் தாக்கியது யார் என்று எழுத ஓர் இடம் விட்டிருந்தேன். அங்கே ஒன்றும் எழுதவில்லை. புவான் ரோஸ்னாவுக்கு அறிக்கை கொடுத்தாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். கொடுப்பேனா தெரியாது. இப்போதைக்குப் பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு ரவாங் வரை படிக்கப் போக எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு அத்தை என்னோடு பேசவும் வேண்டும்.

இடது காது உன் மடியில் குத்தியிருக்க வேண்டியது. அது போய்விட்டது, கலா. அதை இனி யாராலும் திருப்பித் தரமுடியாது. அவள் பெரியவளாகிக் கேட்டால், அன்று மாமன் எங்கே என்று கேட்டால், நான் கூப்பிடவில்லை என்று சொல்லிவிடுவேன்.

வலது காது அப்படியே இருக்கிறது. செப்டம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலையில். ஆசாரியை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் சட்டை இன்னும் சரியாகத்தான் இருக்கிறது, கை மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் அதில் ஒன்றும் எழுதாதே. இதற்குப் பதில் கடிதமும் போடாதே, அவர் கையில் எதையும் கொடுத்தும் விடாதே. ரோட்டிலேயே நின்று திரும்பிப் போகாமல், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அத்தை வாசலில் நின்றாலும் சரி, அவரைத் தாண்டி உள்ளே நடந்து வா.

மாதவி